வளையத்தில் கோளாறு

சனி என்றுதான் பெயர் வைத்தார்கள், சாட்டர்ன்.
டெட்ராய்ட்டில் அது ஒரு கிரகம், அவ்வளவே;
நிலவுக்கு ஆளனுப்பிய ராக்கெட்டும்கூட.
ஜப்பான் கார்களைத் துரத்தப்போகும் வண்டிக்கு
மந்தனின் பெயரா என்று
தடுத்துச் சொல்ல அங்கே யாருமில்லை.

ஆர்லீன் வோஸ்பெர்க் வாங்கினாள்,
அயோவாவின் டுபியூக்கில், தொண்ணூற்று மூன்றில்,
பிளம் பழ நிறம், நான்கு கதவு.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
விவாகரத்துக் காகிதத்தில் மை காய்ந்து பதினோரு நாள்.
பேரம் பேசுவதற்கென்றே
பழைய கணவனின் குரலைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டு போனாள்.
ஒட்டியிருக்கும் விலைதான் விலை என்றார்கள்.
காபி கொடுத்தார்கள்.
கதவை உதைத்துப் பாருங்கள் என்றார்கள்.
உதைத்தாள்.
பிளாஸ்டிக் ஒருகணம் உள்வாங்கி
தன் வடிவத்துக்கே திரும்பியது.
இன்னொருமுறை உதைக்கலாமா என்று கேட்டாள்.

சாவி கைமாறியபோது
கணக்கர், மெக்கானிக், தரை துடைப்பவர்,
எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து
சுற்றி நின்று கைதட்டினார்கள்.
போலராய்டில் அவள் கண்கள் மூடியிருக்கின்றன.
அதற்குமுன் யாரும் அவளுக்குக் கைதட்டியதில்லை.
கல்யாணத்தில் அரிசி எறிந்தார்கள்;
அது வேறு.

அடுத்த ஜூனில் தொழிற்சாலை விருந்துக்கு அழைத்தது.
டென்னசி, ஸ்பிரிங் ஹில், வைக்கோல் வயல்களுக்கு நடுவே.
அறுநூறு மைல் ஓட்டிப் போனாள்.
பல்லாயிரம் பேர், கூடாரங்கள், ஒரே மழை.
சேற்றில் நின்று ஒருவர் வண்டியை ஒருவர்
கைக்குழந்தைபோல் விசாரித்தார்கள்:
எத்தனை மைல், என்ன பெயர், எண்ணெய் குடிக்கிறதா?
குடித்தது.
கேட்டவருடையதும் குடித்தது.
பிஸ்டனைச் சுற்றிய வளையத்தில்
கரி ஏறி இறுகிக்கொள்ளுமாம்.
கோளுக்குக் கோளாறு
வளையத்திலேயே.

ஃபிளின்ட்டில் வீட்டை விற்றுவிட்டு வந்த
ஹார்லன் டிப்பெட் கதவுப் பிரிவில் இருந்தான்.
குடையில்லாமல் வந்து சொன்னான்:
உங்கள் இடது பின்கதவு நான் பூட்டியதாக இருக்கலாம்.
எப்படித் தெரியும்?
தெரியாது, திறந்து மூடுங்கள்.
மூடினாள்.
தலையைச் சாய்த்துக் கேட்டான், ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒரு சத்தம் தவிர
அவர்களுக்குள் எதுவும் நடக்கவில்லை.
கதை தேடுகிறவர்கள் மன்னிக்கவும்.

பிறகு தலைமையகத்துக்குச் சலித்துவிட்டது.
மூத்த பிள்ளைகளின் சட்டையை இதற்கும் மாட்டினார்கள்.
பிளாஸ்டிக் போய்த் தகரம் வந்தது.
வாங்கிக்கொள்ள ஒருவர் வந்து
செப்டம்பர் முப்பதில் பின்வாங்கினார்.
அடுத்த வருஷம் கடைசிப் பலகையும் இறங்கியது.
சனியைப்போல் கொடுப்பாரில்லை, கெடுப்பாரில்லை.
அன்று கைதட்டிய மெக்கானிக்
இப்போது மெத்தை விற்கிறான்;
ஆர்லீனைப் பார்த்தால் எண்ணெய் அளவு விசாரிக்கிறான்.

அவள் விடவில்லை.
டிக்கியில் எப்போதும் ஆறு குப்பி எண்ணெய்.
கடைவாசல் தள்ளுவண்டிகள் மோதும்,
காற்றில் கதவு பிய்த்துக்கொண்டு கம்பத்தில் இடிக்கும்.
வடு அவள் முழங்காலில் உண்டு, கதவில் இல்லை.
ஆனால் அடியில்,
பனிச்சாலைக்குக் கொட்டும் உப்பு
சத்தமில்லாமல் சட்டத்தைத் தின்றது.

முப்பது வருஷம் வாழ்ந்தவருமில்லை, தாழ்ந்தவருமில்லை.
மேலே இருக்கிற சனி
சூரியனை ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள்
இது மூன்று லட்சத்துப் பதினோராயிரம் மைல் ஓடி
ஒரு செவ்வாய்க்கிழமை, சிக்னலில்,
இடுப்பொடிந்து உட்கார்ந்துவிட்டது.

இருநூற்று நாற்பது டாலர் என்ற காயலான் கடைக்காரன்
பேரத்துக்காகக் காத்திருந்தான்.
அவள் கையெழுத்திட்டாள்.
திருப்புளி ஒன்று கடன் கேட்டாள்.
இடது பின்கதவின் தோலை மட்டும்
நாற்பது நிமிஷம் குனிந்து கழற்றினாள்.

ஜனவரி.
பக்கத்து வீட்டு ஓட்டிஸும் தங்கை ஜூனிப்பரும்
அதைக் கவிழ்த்துப் போட்டு ஏறி உட்கார்ந்து
மேட்டிலிருந்து பனியில் வழுக்கி வருகிறார்கள்.
வேலியில் மோதுகிறது.
பனியைத் தட்டிவிட்டுத் தடவிப் பார்க்கிறார்கள்:
ஒன்றுமில்லை.
வாசற்படியில் நின்று ஆர்லீன் கைதட்டுகிறாள்.
கம்பளிக் கையுறை, சத்தமே வரவில்லை.
அதற்குள் அவர்கள்
மறுபடி மேடேறிக்கொண்டிருக்கிறார்கள்.